இடிபாடும் இரவு விளக்கும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே அமைந்த ஊர் பழவேற்காடு. அங்குள்ள நீர்ப்பரப்பை ஏரி என்று அழைப்பது நம் வழக்கம்; ஆயினும் அது நன்னீர் ஏரி அன்று. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் கலந்து நிற்கும் கழி அது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. தென்கோடி தமிழ்நாட்டைச் சார்ந்தது. அத்தென்கோடியிலே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இருக்கின்றன.

கோட்டைக்குப்பம் என்னும் பெயரைக் கேட்டவுடன், 'கோட்டை எங்கே?' என்று வினவத் தோன்றும். வெளியூரிலிருந்து கோட்டையைக் காண வருகிறவர் காண்பது என்ன? முட்புதர் மண்டிய ஒரு மேடு; அகழி இருந்த இடத்தைக் காட்டும் ஒரு பள்ளம்; அங்குமிங்கும் சிதறிய செங்கல். 'இதுதானா கோட்டை?' என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகிறார். சோழமண்டலக் கரையில் நடந்த டச்சுக்காரரின் வாணிகம் அனைத்தும் இந்த மேட்டிலிருந்துதான் ஒரு காலத்தில் ஆளப்பட்டது என்று சொன்னால் அவர் நம்பவும் மாட்டார். அவர்மேல் குற்றமில்லை. இடிந்த சுவர் தானாகப் பேசுவதில்லை.

இடிந்த சுவரைப் பேசவைக்கும் கலை ஒன்று இந்நாளில் உலகெங்கும் பரவியிருக்கிறது. இரவு வேளையில் ஒளியையும் ஒலியையும் துணைக்கொண்டு பழங்கட்டடங்களின் கதையைச் சொல்லும் கலை அது. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, பழவேற்காட்டைப் போன்ற ஊருக்கு அது வருமாயின் யாருடைய கதையைச் சொல்ல வேண்டும் என்பவற்றை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வினா. இதற்கு ஏன் இரவு வேண்டும்? பகலவனுடைய ஒளி எல்லாவற்றின் மீதும் ஒன்றுபோலப் படுகிறது. பழைய மதிலைக் காட்டுகிற அதே ஒளி, அதன் மேல் சாய்த்து வைத்த மிதிவண்டியையும், அருகிலுள்ள மின்கம்பத்தையும், காலடியில் கிடக்கும் குப்பையையும் காட்டிவிடுகிறது. எஞ்சியதைப் பார்க்கும் கண், இழந்ததையும் உடன் பார்க்கிறது. இரவு அப்படியன்று. இருளிலே ஏற்றிய விளக்கு, தான் விரும்பியதை மட்டும் காட்டும், மற்றவற்றை மறைக்கும். ஒரு வளைவின் பாதி வெளிச்சத்தில் தெரிந்தால், மறுபாதியைப் பார்ப்பவர் மனம் இருளில் கட்டிக்கொள்கிறது.

இந்த உண்மையை அறிய நாம் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். பகலில் அது ஆடு மேயும் பொட்டல். இரவில் தீப்பந்தம் ஏற்றினால், பிற்காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தொங்கினால், அதே பொட்டல் அத்தினாபுரம் ஆகிவிடுகிறது. திரை பிடித்துப் பாட்டுப் பாடி வேடக்காரன் வெளியே வரும் அந்தக் கணத்துக்காக ஊரே விழித்திருக்கிறது. தோற்பாவைக் கூத்திலோ, வெள்ளைத் துணிக்குப் பின்னே ஒரு விளக்கு, நடுவே வண்ணம் தீட்டிய தோல், அவ்வளவே. ஒளியும் குரலும் சேர்ந்தால் இல்லாத நகரத்தை எழுப்பலாம் என்பதை நம் கூத்தர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். கூத்து, கதையைப் பொட்டலுக்குக் கொண்டுவந்தது. இன்றைய கலையோ, கதை நடந்த இடத்திலேயே அதைச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

இக்கலை தன் இன்றைய வடிவில் 1952-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்தது. லுவார் ஆற்று வெளியிலுள்ள ஷாம்போர் அரண்மனையைப் பேணிக்காக்கும் பொறுப்பிலிருந்த பால் ரொபேர்-ஊதேன் என்பவர், நடிகர் ஒருவரும் மேடையேறாமல், விளக்குகளின் மாற்றத்தாலும் பதிவு செய்த குரல், இசை ஆகியவற்றாலும் அரண்மனையின் வரலாற்றைச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஒருவரின் பேரர் என்பது கேட்கச் சுவையான செய்தி. சில ஆண்டுகளுக்குள் இம்முறை ஐரோப்பா முழுவதும் பரவியது. நம் நாட்டில் டில்லிச் செங்கோட்டையில் 1965-இல் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 1981-இல் தொடங்கிய காட்சி, சிலப்பதிகாரக் கதையையும் திருமலை மன்னரின் வரலாற்றையும் அந்தப் பெருந்தூண்களின் நடுவே சொல்லியது.

ஷாம்போர், செங்கோட்டை, நாயக்கர் மகால் ஆகிய மூன்றுமே நிமிர்ந்து நிற்கும் கட்டடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கைத் திருப்பினால் போதும். காட்டுவதற்குத் தூணும் மாடமும் அங்கே இருக்கின்றன. தூணே இல்லாத இடத்தில், அடித்தளமும் உடைந்த கல்லும் மட்டும் எஞ்சிய இடத்தில் என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர்கள் உரோமாபுரியார்.

உரோமாபுரி நம் கரைக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அந்தச் சாடிகளை அனுப்பிய பேரரசின் தலைநகரிலே, முதற் பேரரசன் அகஸ்தஸ் கட்டிய பெருமன்றம் ஒன்று உண்டு. அகஸ்தஸ் மறைந்து 2000 ஆண்டுகள் நிறைந்த 2014-ஆம் ஆண்டில், அம்மன்றத்தின் இடிபாடுகளில் இரவுக் காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டில் சீசரின் மன்றத்திலும் அத்தகைய காட்சி அமைந்தது. இரண்டையும் உருவாக்கியவர்கள், அறிவியலை எளிய மொழியில் மக்களுக்குச் சொல்லிப் புகழ்பெற்ற பியெரோ ஆஞ்சலாவும், இயற்பியலறிஞர் பாக்கோ லான்சியானோவும் ஆவர். ஆஞ்சலா 2022-இல் காலமானார்.

அகஸ்தஸின் மன்றத்துக்குப் பின்னே ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள ஒரு கல்மதில் நிற்கிறது. அப்பால் இருந்த சுபூரா என்னும் நெருக்கடியான ஏழையர் குடியிருப்பில் அடிக்கடி தீப்பிடிக்கும். அந்தத் தீ கோயிலை எட்டாமலிருக்க எழுப்பிய மதில் அது. ஏழையரை விலக்கி வைக்கக் கட்டிய மதிலே, 2000 ஆண்டுகளுக்குப் பின்னர்ப் படம் காட்டும் திரையாக உதவுகிறது! எதிரே படிவரிசையில் அமர்ந்தவர்கள் பார்க்க, முறிந்த தூண்கள் ஒளியால் நீண்டு கூரையைத் தாங்குகின்றன. ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் நின்ற அகஸ்தஸின் சிலை மீண்டும் எழுகிறது.

இது நடைபெறும் விதத்தைச் சற்று விளக்குவோம். சமமான வெள்ளைத் திரையில் படம் காட்டுவது எளிது. மேடுபள்ளமான இடிசுவரில் அதே படத்தை வீழ்த்தினால் உருவம் கோணலாகும். ஆதலால் முதலில் லேசர் கதிரால் சுவரை அளக்கிறார்கள். கதிர் சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியும் எத்தனை தொலைவில் உள்ளது என்று கணித்து, சுவரின் முழு வடிவத்தையும் கணிப்பொறியில் அமைத்துக்கொள்கிறார்கள். பிறகு, கோணலான சுவரில் விழும்போது நேராகத் தெரியும்படி, படத்தை எதிர்க்கோணலாக வரைகிறார்கள். தையற்காரர் உடம்பை அளந்து துணி வெட்டுவதைப் போன்றது இது.

ஒளிக்கும் ஒரு கணக்கு உண்டு. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். அதே கருவியின் ஒளி நான்கில் ஒரு பங்காக மங்கும். ஆகையால் பெரிய சுவருக்குப் பல கருவிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, படங்களின் ஓரங்களை ஒன்றோடொன்று இழைக்க வேண்டியிருக்கிறது. சுவரின் நிறமும் தன் பங்குக்கு வேலை செய்யும். செங்கல் நீல ஒளியை விழுங்கிவிடும். சிவப்பையும் மஞ்சளையும் நன்கு திருப்பித் தரும். செங்கற் சுவரில் தீயைக் காட்டலாம். கடலைக் காட்டுவது கடினம்.

ஒலியும் இவ்வாறே. ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவர் காதுக்கு, அருகிலிருப்பவர் கேட்ட சொல் பத்தில் ஒரு வினாடி தாமதித்து வந்து சேரும். திறந்த வெளியில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒரே சொல்லை ஒரே கணத்தில் உரைத்தால், இடையிலிருப்பவர் காதில் அது இரட்டித்துக் குழம்பும். அக்குழப்பத்தைத் தவிர்க்க, தொலைவிலுள்ள ஒலிபெருக்கியைக் கணக்காகத் தாமதிக்கச் செய்வது வழக்கம். உரோமாபுரியில் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள். ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் எட்டு மொழிகளில் ஒன்றைக் கேட்பவர் தேர்ந்துகொள்ளலாம்; நகரத்தின் வண்டியோசையும் உட்புகாது; அருகில் உறங்குவோர்க்கும் இடையூறு இல்லை.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். உரோமாபுரியிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. சீசரின் மன்றத்துக் காட்சி சீசரோடு தொடங்கவில்லை. 1924 முதல் 1932 வரை அங்கே நடந்த அகழ்வுப் பணியோடு அது தொடங்குகிறது. முசோலினி ஆட்சியில் அகன்ற அணிவகுப்புச் சாலை ஒன்று அமைப்பதற்காகவும், பழம்பெருமையை வெளிக்கொணர்வதற்காகவும், ஏறத்தாழ 1500 கொத்தர்களும் கூலியாட்களும் ஒரு குடியிருப்பு வட்டாரம் முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பேரரசனின் பெருமையைக் காட்ட, அங்கே வாழ்ந்த சாமானியர் வீடிழந்தனர். இதனை மறைக்காமல், கதையின் வாயிலிலேயே அக்காட்சி நிறுத்துகிறது. இடிபாட்டின் கதை என்பது கட்டியவனின் கதை மட்டுமன்று. இடிபாட்டின் மேல் வாழ்ந்தவர்களின் கதையும் ஆகும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இந்த எண்ணத்தோடு பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அந்த மேட்டில் ஒரு விளக்கை ஏற்றினால், அது யாரைக் காட்ட வேண்டும்?

மேட்டின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். கீழ்த்திசையோடு வாணிகம் செய்ய 1602-இல் அமைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார், மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க மலேயத் தீவுகளுக்குச் சென்றார்கள். அங்குள்ளவர்கள் வெள்ளிக்காசைக் காட்டிலும் சோழமண்டலத் துணியை விரும்பி ஏற்றார்கள். ஆகவே துணி நெய்யும் கரையில் டச்சுக்காரருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1610-இல் விசயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டில் டச்சுக்காரர் அங்கே கோட்டை எழுப்பினர். அவர்களின் தலைவர் வெம்மர் வான் பெர்க்கம் தம் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார். அங்கே காசடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது; 1781-இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கெல்டிரியாக் கோட்டையை இடித்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1825-இல் பழவேற்காடு முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இவ்வளவும் பாடப்புத்தகத்துச் செய்தி. இதனை மட்டும் ஒளியும் இசையும் கூட்டிச் சொன்னால், கொடி ஏறும், பீரங்கி முழங்கும், கப்பல் வரும், காண்போர் கைதட்டுவர். ஆனால் கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர் தம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அக்காட்சியைப் பார்த்தால், அதில் அவர் எங்கே இருப்பார்? தம் ஊரின் கதையை அயலாரின் கதையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார். முதலில் கோட்டை எழுந்தபோது அவ்வூரார் மதிலுக்கு வெளியே நின்றார்கள். ஒளியால் மீண்டும் எழும்போதும் அவர்களை வெளியே நிறுத்துவது முறையாகுமா?

அவ்விரவில் ஒலிக்க வேண்டிய குரல்கள் பல இருக்கின்றன.

முதற் குரல் நெசவாளியுடையது. கோட்டையின் செல்வம் கோட்டையில் விளையவில்லை. உள்நாட்டுச் சிற்றூர்களில் தறியில் அமர்ந்தவர்களும், சாயவேரைக் கொண்டு சிவப்பேற்றியவர்களும் விளைத்த செல்வம் அது. வணிகர் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு அவர்கள் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி, உலகச் சந்தையில் இவ்வூரின் பெயராலேயே வழங்கியது. செங்கற் சுவர் சிவப்பு ஒளியை நன்கு ஏற்கும் என்று முன்னே கூறினேன். சாயவேரின் சிவப்பைக் காட்ட அந்த மேட்டைவிடத் தக்க இடம் வேறு உண்டோ?

இரண்டாம் குரல், சொல்லத் தயங்கும் குரல். பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை, மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்சம் வந்தபோது உணவின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள், போரில் பிடிபட்டவர்கள், ஏமாற்றிக் கடத்தப்பட்டவர்கள் என ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தேவியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்களுக்கு அந்த மேட்டில் ஒரு கல்லும் இல்லை. இரவுக் காட்சியின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்கும். கல்லே இல்லாதவர்களுக்கு விளக்கால் எதைக் காட்டுவது? ஒன்றையும் காட்ட வேண்டாம். விளக்கு அனைத்தையும் அணைத்துவிட்டு, அந்த இருளில் கழிநீர் கரையில் மோதும் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் கேட்கவிடலாம்.

மூன்றாவதாக, இரண்டு மனிதர்களின் உரையாடல். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுச் சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணரோடு போர்த்துக்கீசிய மொழியில் பேசிப்பேசி நம் நாட்டுச் சமய வழக்கங்களை அறிந்தார். அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651-இல் லைடன் நகரில் வெளியாயிற்று. பர்த்ருஹரியின் நீதிச் செய்யுட்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக ஏறியது அந்நூலில்தான். அடிமை ஏறிய அதே துறையில், ஒருவர் அறிவை மற்றவர் செவிமடுத்த உரையாடலும் நிகழ்ந்தது. இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் நேர்மையான வரலாறு.

கோட்டைக்கு அருகே டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடம் அது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு கல்லில் நிற்கின்றன. உள்ளே சித்திர எழுத்தும் குலச்சின்னமும் பொறித்த கற்கள். அவற்றின்மீது படம் ஓட்டுவது தகாது. துயில்வோர்க்குச் செய்யும் மரியாதை அதுவன்று. வாயிலில் ஒரு சிறு விளக்கும், ஒரு கல்லின் வாசகத்தைத் தமிழில் படிக்கும் மெல்லிய குரலும் போதும்.

இறுதியாக ஒலிக்க வேண்டியது மீனவர் குரல். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து போனார்கள். வலை மட்டும் போகவில்லை. இக்கழியில் 'பாடு' என்னும் ஒரு முறை தொன்றுதொட்டு வழங்குகிறது. இறால் மிகுதியாக வரும் நீரிடங்களைத் தனியொருவர் பற்றிக்கொள்ளாதபடி, உரிமையுடைய குடும்பங்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்து மாறிமாறி வலை கட்டுவார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு. அடுத்த முறை மற்றொருவருக்கு. இம்முறையிலும் குறையுண்டு, உரிமை இல்லாதார்க்கு இதில் இடமில்லை என்னும் மனத்தாங்கல் பலகாலமாக உண்டு. ஆயினும், மதிலும் பீரங்கியும் இன்றி ஒரு நீர்ப்பரப்பைப் பங்கிட்டு வாழ மக்கள் வகுத்த நெறி, மதிலையும் பீரங்கியையும் நம்பியவர்களின் கோட்டை மண்ணான பிறகும் நிலைத்திருக்கிறது. இதைக் காட்டிலும் அந்த மேட்டில் சொல்லத்தக்க செய்தி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, நடைமுறைக்கு வருவோம். உரோமாபுரியின் 30 மீட்டர் மதில் இங்கே இல்லை. பெருங்கருவிகளுக்கு வேலையும் இல்லை. அது ஒரு வகையில் நல்லதே. கோட்டை நின்ற எல்லைக்கோட்டின் மேல், தரையோடு தரையாகச் சிறு விளக்குகளை வரிசையாக வைத்தாலே போதும். நாற்புறமும் அவை எரியும்போது, பகலில் புதராகத் தெரிந்த மேட்டில் கோட்டையின் வடிவம் கோலம் போட்டதுபோலத் தெரியும். கொத்தளம் நின்ற மூலையில் சற்று உயரமாக ஒரு விளக்கு. அகழி இருந்த இடத்தில் நீலம். துணிக்கிடங்கு என்று சொல்லும்போது அந்தத் திசையில் மட்டும் ஒளி. மற்றதை மக்களின் மனம் கட்டிக்கொள்ளும். நல்ல குரல் கிடைத்தால் பாதி விளக்குகளையும் அணைத்துவிடலாம். இருட்டறையில் அமர்ந்து வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்கைக் குறைக்க வேண்டியதற்கு வேறு காரணங்களும் உள்ளன. ஐப்பசி கார்த்திகையில் தொடங்கிப் பூநாரைகளும் எண்ணற்ற நீர்ப்பறவைகளும் இக்கழிக்கு வந்து சேர்கின்றன. இது பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்ட நீர்ப்பரப்பு. கடற்கரை மணலிலோ பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வானும் கடலும் சந்திக்கும் விளிம்பின் மெல்லிய வெளிச்சத்தைக் கொண்டுதான் கடலை அறிகிறது. கரையில் வலிய விளக்கு எரிந்தால் கடலைவிட்டு விளக்கை நோக்கி நடந்து, விடியுமுன் இறந்துபோகிறது. இறந்த கோட்டைக்கு உயிர் கொடுக்கப்போய் உயிருள்ளவற்றைக் கொல்லலாகாது. ஆகவே விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும். நிலத்தை நோக்க வேண்டும். கதை முடிந்ததும் அணைய வேண்டும். பறவையும் ஆமையும் வரும் மாதங்களில் காட்சிக்கு விடுமுறை விட்டாலும் குற்றமில்லை.

அவ்வூரார் பேரொளியைக் காணாதவர்களும் அல்லர். ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 முதல் அங்கிருந்து விண்கலங்கள் எழுகின்றன. இரவில் ஒன்று எழுந்தால் கழி முழுவதும் ஒரு கணம் பொன்னாகிவிடும். அத்தகைய ஒளியோடு நம் காட்சி போட்டியிட முடியாது; போட்டியிடவும் வேண்டாம். அது தர முடியாத ஒன்றை, அவர்களுடைய பாட்டனாரின் கதையை, இது தந்தால் போதும்.

அக்கதையைச் சொல்லும் குரல் யாருடையதாக இருக்க வேண்டும்? நகரத்திலிருந்து புகழ்பெற்ற நடிகரை அழைத்துப் பதிவு செய்துவிடுவது எளிது. அதைவிட, வலை பின்னும் முதியவர் ஒருவர், பனையோலைக் கூடை முடையும் பெண்மணி ஒருவர், பள்ளி மாணவர் இருவர் ஆகியோரின் குரலைப் பதிவு செய்வது மேல். அவர்களது பேச்சுத் தமிழ் செந்தமிழாக இராது. ஆனால் அந்த மண்ணின் உப்பு அதில் இருக்கும். விளக்கை இயக்கவும், வருவோரை அழைத்துச் செல்லவும் அவ்வூர் இளைஞரையே பயிற்றினால், மீன் கிடைக்காத நாளில் அவர்களுக்கு ஒரு கூலியும் கிடைக்கும். காட்சிக்கு இடம் வேண்டுமென்று ஒரு குடிசையும் அகற்றப்படலாகாது. உரோமாபுரியார் 1932-க்குள் செய்துவிட்டுப் பின்னர்க் கதையாகச் சொல்ல நேர்ந்த தவற்றை, நாம் கதையாகக் கேட்டுவிட்டு மீண்டும் செய்யலாமா?

பட்டினப்பாலையிலே, இரவில் பரதவர் சுடர்களை எண்ணும் காட்சி ஒன்று வருகிறது. கடற்கரையில் வாழ்பவனுக்கு விளக்கு என்பது வேடிக்கைப் பொருள் அன்று. கரை எங்கே, கட்டுமரம் எங்கே, போனவர் திரும்பினாரா என்று அறியும் அடையாளம் அது. பழவேற்காட்டு மேட்டில் என்றேனும் ஏற்றப்படும் விளக்கும் அத்தகையதாக இருக்கட்டும். இங்கிருந்து போனவர்கள் யார், திரும்பாதவர்கள் யார், இன்னும் இங்கே இருப்பவர்கள் யார் என்று அது சொல்லட்டும். அதன்பின், கோட்டையைக் காண வரும் வெளியூரார் 'இதுதானா கோட்டை?' என்று கேட்டால், கோட்டைக்குப்பத்துச் சிறுவன் ஒருவனே, 'சற்று இருங்கள் ஐயா, இருட்டட்டும். சொல்கிறேன்' என்று விடையளிப்பான்.